மஞ்சளுக்கு அடியில் ஒரு தேதி

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைத்த பிறகுதான் அதைப் பயன்படுத்துவோம். மோட்டார் பம்பு, மிக்சி, மொபெட், அரிவாள், எதற்கும் விலக்கு கிடையாது. வைத்தால் பொருள் கெட்டுப்போகாது என்பது அம்மாவின் நம்பிக்கை. மோட்டாருக்கும் மிக்சிக்கும் அது சரிதான். காகிதத்துக்குச் சரிப்படாது என்று கண்டுபிடித்தவன் நான்.

எங்கள் ஊர் ஒலக்கூர் பக்கம். ஒன்பதாவது படிக்கும்போது அப்பா இறந்தார், பள்ளியை விட்டேன். பள்ளியை விட்டதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கணக்கு வாத்தியாருக்கு என்னைவிடவும் குறைவு. அதன்பிறகு லாரி கிளீனர், பெங்களூரில் சென்ட்ரிங், திருப்பூரில் சாயப்பட்டறை, மங்களூரில் மீன் லோடு என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரே ஊரில் நாலு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சில ஊர்களில் படுக்க இடம் கிடைத்தது, சில ஊர்களில் லாரிக்கு அடியில் படுத்தேன். (மழைக்காலத்தில் லாரிக்கு அடிதான் வசதி. ஒழுகாது.)

என் தங்கை சத்யா நேர் எதிர். உட்கார்ந்தால் எழ மாட்டாள். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே தெற்கே ஒரு கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்தாள். ஊரில் முதல் டாக்டர். நான் லோடு ஏற்றப் போன ஊரிலெல்லாம் இதைச் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

படிப்பு முடிந்து கிளியனூர் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், மேலே படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"இன்னா படிப்பு பாப்பா? கண்ணா, எலும்பா, ஹார்ட்டா?"

"குடும்ப மருத்துவம்ணா."

"அது எந்த பார்ட்டு?"

"உன் பாஷைல சொல்லணும்னா முழு வண்டிணா."

எனக்குப் புரிந்தது. அப்பாவின் கடைசி வருடத்தில் திண்டிவனத்தில் ஒருவர் நெஞ்சைப் பார்த்தார், விழுப்புரத்தில் ஒருவர் சிறுநீரகத்தைப் பார்த்தார், புதுச்சேரியில் ஒருவர் சர்க்கரையைப் பார்த்தார். அப்பாவை யாரும் பார்க்கவில்லை. ஒருவர் கொடுத்த மாத்திரை மற்றவருக்குத் தெரியாது. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த சத்யா அதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

இந்தப் பயிற்சிக்குச் சேர என்னென்ன தகுதி வேண்டும் என்று அவள் எனக்குச் சொன்னாள். எம்பிபிஎஸ் பட்டம் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்து இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும், அதுவும் அவர்கள் சொல்லும் கடைசித் தேதிக்குள். மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு வேண்டும். நீட் பிஜி தேற வேண்டும். ஏழாம் வாய்ப்பாடு இன்றுவரை தெரியாத நான் இந்த நாலையும் மனப்பாடம் செய்துவிட்டேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் ஒருவருக்காவது விளக்கினேன்.

"தேதிதான்யா முக்கியம். இன்டர்ன்ஷிப் முடிஞ்ச தேதி ஒருநாள் தள்ளிப்போனாலும் சீட்டு இல்ல, தெரியுமா?"

"உனுக்கு இன்னாத்துக்குய்யா அது? நீயா சேரப் போற?" என்றார் டீக்கடைக்காரர்.

அவளுக்கு இடம் கிடைத்தது, விழுப்புரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில். அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும், கடைசி நாள் மாலைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். சத்யாவுக்குக் கிளினிக்கில் டூட்டி. போன் செய்தாள்.

"அண்ணா, நான் நேரா விழுப்புரம் வந்துடறேன். பீரோல இருக்கிற ஃபைலை அப்படியே எடுத்துக்கினு வா. அப்படியே."

இந்த 'அப்படியே' என்ற சொல்லைத்தான் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

விழுப்புரம் போவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அம்மாவும் நானும் சான்றிதழ்களைச் சாமி படத்துக்கு முன் வரிசையாக வைத்துக் கும்பிட்டோம். மஞ்சளைக் குழைத்து மூலைக்கு மூலை பொட்டு வைத்தேன், அதன் மேல் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. பிறகு எனக்குள் இருந்த லாரிக்காரன் விழித்துக்கொண்டான். லாரியில் ஆர்சி, பெர்மிட் எல்லாவற்றையும் லேமினேட் செய்துதான் வைப்போம். எண்ணெய் படும், மழை படும். வெறும் கிளீனர் தொடும் காகிதத்துக்கே அந்தப் பாதுகாப்பு என்றால் டாக்டரின் காகிதத்துக்கு?

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடைப் பையன் தயங்கினான். "அண்ணே, ஒரிஜினலா இருக்குதே, போடலாமா?"

"ஒரிஜினல்னாலதான்யா போடச் சொல்றேன். ஜெராக்ஸுக்கா போடுவாங்க? ஜல்தி போடு."

மிஷின் சூட்டில் ஈர மஞ்சள் நசுங்கி, ஒவ்வொரு மூலையிலும் அப்பளம் அளவுக்குப் பரவியது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அம்மாவும் நானும் புதுத்துணி உடுத்தி விழுப்புரம் போனோம். சத்யா நேராக டூட்டி முடித்து வந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவப்பு. சேர்க்கைக்குப் பொறுப்பான டாக்டரம்மா முன்னால் ஃபைலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோபப்படவில்லை. நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

டாக்டரம்மா இன்டர்ன்ஷிப் சான்றிதழை வாங்கினார். "இது முடிஞ்ச தேதி எங்கம்மா?"

இடது கீழ் மூலையில் இருந்தது. அதாவது மஞ்சளுக்கு அடியில்.

நான் முன்னால் போனேன். "மேடம், எம்பிபிஎஸ், இன்டர்ன்ஷிப், நிரந்தரப் பதிவு, நீட் பிஜி. நாலும் பக்காவா இருக்குதுங்க."

"நீங்க யாரு?"

"அண்ணங்க."

"டாக்டரா?"

"ஒம்பதாவதுங்க."

"லேமினேட் பண்ணது?"

"நான்தாங்க," என்றேன், அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையோடு.

"அசலைக் கையில தொட்டுப் பார்த்தாதான் சரிபார்க்க முடியும். தேதி தெரியாம சேர்க்க முடியாது. வேறு வாங்கிட்டு வாங்க," என்றார். கல்லூரி இருப்பது தெற்கே. போய்வர ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். கடைசி நாளோ அன்றுதான்.

அம்மா என்னைப் பார்த்தார். "டேய், நீ இன்னும் கொஞ்ச நாள் மங்களூர்லயே இருந்திருக்கலாம்டா."

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். சும்மா இருக்கத் தெரிந்தவன் நாலு மாநிலம் சுற்றியிருப்பானா? சான்றிதழைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினேன். எதிரில் இஸ்திரி வண்டி. சூட்டில் ஒட்டியது சூட்டில் பிரியும் என்பது என் கணக்கு.

"வேணாம்பா, பேஜாராப் பூடும்," என்றார் இஸ்திரிக்காரர்.

"என் தங்கச்சி டாக்டருங்க," என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

நான் திரும்பி வந்தபோது சான்றிதழ் வடாம் மாதிரி சுருண்டிருந்தது. மஞ்சள் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை.

சத்யா அதை வாங்கி மேசையில் வைத்தாள். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு பேசினாள்.

"மேடம், இந்தத் தேதிய விடுங்க. என் நிரந்தரப் பதிவு சர்டிபிகேட்ல தேதி நடுவுல இருக்கு, அது நல்லாத் தெரியுது. கவுன்சில் வெப்சைட்லயும் பார்த்துக்கலாம். இன்டர்ன்ஷிப் முடிக்காம நிரந்தரப் பதிவு கொடுக்க மாட்டாங்க. அந்தப் பதிவே நீங்க சொல்ற கடைசித் தேதிக்கு முன்னாடி. அப்ப இன்டர்ன்ஷிப் அதுக்கும் முன்னாடியே முடிஞ்சாகணும். காலேஜ்ல இருந்து இப்பவே மெயில் போடச் சொல்றேன். காலேஜ்ல புது சர்டிபிகேட் வாங்கிக் கொண்டாந்து தரேன்னு எழுதித் தரேன்."

குரல் உயரவில்லை, கெஞ்சலும் இல்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஒரு மேசைக்கு எதிரில் நின்று அப்படிப் பேசியதில்லை. நாங்கள் கைகட்டி நின்றே பழகியவர்கள். நான் புதுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளி, "அழுவாதடா, ஒரிஜினல்லாம் நனையப்போவுது," என்றார்.

டாக்டரம்மா கணினியில் பதிவைப் பார்த்தார், மேலே யாரிடமோ போனில் அனுமதி கேட்டார். கல்லூரி மெயிலுக்காகப் பகல் முழுக்க அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அலுவலகம் மூடும் நேரத்துக்குச் சற்று முன்பு மெயில் வந்தது. தேதி சரியாக இருந்தது.

கையெழுத்து போடும் முன் டாக்டரம்மா கேட்டார், "இத்தனை துறை இருக்கும்போது ஏன்மா குடும்ப மருத்துவம்?"

சத்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டையே பார்த்தீங்களே மேடம். தனித்தனியா பார்த்தா கட்டுப்படியாகாது."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்து போட்டார்.

கல்லூரியில் புதுச் சான்றிதழ் வாங்க என்னை அனுப்பவில்லை. நாலு மாநிலம் சுற்றியவன் வீட்டில் சும்மா இருக்க, விழுப்புரத்தைத் தாண்டாத அம்மா சத்யாவின் கடிதத்தோடு தனியாகத் தெற்கே போய், புதுச் சான்றிதழை மஞ்சள் பையில் மடியோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜன்னலோரம் உட்காரவில்லையாம், காற்று அடிக்குமாம்.

சத்யா பயிற்சியை முடித்துவிட்டாள். இப்போது ஒலக்கூர் பக்கமே பார்க்கிறாள். பேரனுக்குச் சளி என்று வரும் ஆயாவை உட்காரவைத்து ஆயாவுக்கும் பிரஷர் பார்க்கிறாள். நான் ஊருக்கு வரும்போது அந்தக் கிளினிக் வாசலில் நின்று, உள்ளே இருப்பது யார் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

அவளுடைய சான்றிதழ் ஃபைல் எங்கள் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது. அதன் மேல் மாத்திரை அட்டையில் போடுவதுபோல் அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள்: 'அண்ணன் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' வீட்டில் இப்போது எது புதிதாக வந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் பிரிப்பதில்லை. அவளுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோவுக்கும் அம்மா இதையே சொன்னார்.

நான் நல்ல உயரம். பரண் எட்டும். தொடுவதில்லை.