ஒன்பதாம் லைனில் கோல் உற்பத்தி

ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு கம்பெனியில், தொழிலாளர் நலனை முன்னிட்டு, காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இடைவேளை வழங்கப்பட்டிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் டீ குடிக்கலாம், ஒன்றுக்குப் போகலாம், அல்லது ஓய்வறையில் டிவியோடு மாட்டி வைத்திருந்த கன்சோலில் கேம் ஆடலாம். மூன்றையும் செய்ய நேரம் போதாது என்பதால் ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பென்னலூர் திருமலை நாலு வருஷமாகக் கேமைத்தான் தேர்ந்தெடுத்து வந்தான். டீயை விட்டான்; மற்றதை அடக்கிக்கொண்டான். அதற்குக் காரணம் இருந்தது.

காரணத்தின் பெயர் மகாராஜா. லைன் சூப்பர்வைசர், தென்காசிப் பக்கத்துக்காரர், தொண்டை நல்ல தொண்டை. ஆறு மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பித்தால் இரண்டு மணிக்கு முடியும்வரை அந்தத் தொண்டை திருமலையின் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும். "ஏலே திருமலை! ரப்பரை வெட்டச் சொன்னா அதைத் தடவிக் குடுத்துக்கிட்டு நிக்க? உனக்கும் அதுக்கும் என்னலே சொந்தம்?" என்பார். லைனே சிரிக்கும். திருமலை வாயைத் திறக்க மாட்டான். சூப்பர்வைசரிடம் வாய் திறந்தவன் அடுத்த மாதம் பாய்லர் பக்கத்தில் நிற்பான் என்பது அங்கே எழுதாத சட்டம்.

ஆனால் கடவுள் மகாராஜாவுக்கு ஒரு பலவீனத்தைக் கொடுத்திருந்தார். தனக்கு ஃபுட்பால் கேம் நன்றாக வரும் என்று அவர் மனதார நம்பினார். பத்து மணிக்கு மணியடித்ததும் திருமலைக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுப்பார். ஆட்டம் ஆறு நிமிஷம். முடிவு தினமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஐந்துக்குச் சைபர்.

"இன்னா சார், உங்க கோல்கீப்பர் டீ குடிக்கப் போயிட்டாரா?" என்பான் திருமலை.

"பேசாம ஆடுலே."

"நான் ஆடிகினுதான் சார் கீறேன். நீங்கதான் வேடிக்கை பாக்குறீங்க."

இப்போது லைன் மறுபக்கம் பார்த்துச் சிரிக்கும். மகாராஜா, "நாளைக்கு வா, பாத்துக்கிடுவோம்" என்று எழுந்து போவார். மணியடிக்கும், மறுபடி சூப்பர்வைசர் ஆகிவிடுவார். அதனால் என்ன? "அந்தப் பத்து நிமிஷம் மட்டும் இல்லேன்னு வெச்சுக்க, இந்த வேலைய எப்பவோ வுட்டுட்டு வூட்லயே குந்திகினு இருப்பேன்" என்று திருமலை தன் மனைவி கனகத்திடம் சொல்லியிருக்கிறான். அவன் சம்பளத்துக்கு வேலை செய்தான், பத்து நிமிஷத்துக்கு உயிர் வாழ்ந்தான்.

இந்த நிலையில் மனிதவள மேலாளர் ஜீவானந்தம் சென்னையில் ஒரு ஓட்டலில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போனார். அங்கே மதியச் சாப்பாட்டின்போது வேறொரு கம்பெனி மேலாளர், "உங்க ஓய்வறையில இன்னுமா சார் கன்சோல்? நாங்க பிசிக்கு மாறி ஒரு வருஷம் ஆச்சே" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டுவிட்டார். ஜீவானந்தத்துக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்ததும் சுற்றறிக்கை ஒட்டினார்.

"கம்பெனியின் எதிர்காலப் பார்வைக்கு இணங்க, ஓய்வறை விளையாட்டுச் செயல்பாடுகள் கன்சோல் தளத்திலிருந்து பிசி தளத்திற்கு உயர்த்தப்படுகின்றன. ஊழியர்கள் இதனை மகிழ்ச்சியுடன் ஏற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். மகிழ்ச்சியில் குறைபாடு இருப்பின் மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

திருமலை நேரே போய்க் கேட்டான். "சார், இருக்கறதுக்கு இன்னா கொறச்சல்? நல்லாத்தானே ஓடிகினு கீது?"

"திருமலை, கன்சோல்ல நொடிக்கு அறுபது படம் ஓடுது. பிசில நூத்தி நாப்பத்தி நாலு."

"நம்ம கண்ணுக்கு அது தெரியுமா சார்?"

"தெரியாது. ரிப்போர்ட்ல தெரியும்."

கணக்கிலிருந்து நீக்கிய பொருளை யாரும் திரும்பப் பயன்படுத்தாதபடி சாட்சி முன்னிலையில் வெட்ட வேண்டும் என்பது கம்பெனியின் ஸ்கிராப் விதி. பழுதான ரப்பருக்குப் போட்ட விதி அது, கன்சோலுக்கும் பொருந்தியது. யார்டில் வைத்து கிரைண்டரால் மூன்று துண்டாக அறுத்தார்கள், ஜாய்ஸ்டிக்குகளையும் சேர்த்து. அதை நன்கு அறிந்தவன் என்ற முறையில் திருமலை சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அவன் கண் கலங்கியது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் பதிவேட்டில் அது ஏறவில்லை.

பிசி வந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே ஏழு கலரில் லைட்டு சுற்றிச் சுற்றி ஓடியது. சந்தனம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஜீவானந்தம் சுவிட்சைப் போடக் கையை நீட்டியபோது கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர் சிவசங்கர் வந்தார். பாலிசிப் புத்தகம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான்.

"இது கம்ப்யூட்டர்தானே?" என்றார் சிவசங்கர்.

"ஆமா."

"கம்பெனி கம்ப்யூட்டர்ல கேம் ஏத்தக் கூடாது. பிரிவு ஏழு, உட்பிரிவு நாலு."

"கேம் ஆடறதுக்குன்னே வாங்கினது சார் இது!"

"அப்படின்னா இதைக் கம்ப்யூட்டர்னு சொல்லி வாங்கியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, புது ஜாய்ஸ்டிக் சொருக வேண்டிய ஓட்டைகளை எல்லாம் அடைத்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டி, பதினாலு எழுத்துப் பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு வாரம் தொழிலாளர்கள் இடைவேளையில் ஓய்வறைக்குப் போய் லைட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம், மறுபடி சிவப்பு. மகாராஜாவுக்குத் தோற்க இடமில்லாமல் போனதால் குரல் இன்னும் ஏறியது. இடைவேளையிலும் திட்ட ஆரம்பித்தார். திருமலை வீட்டுக்குப் போய் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். "கம்பெனில யாருன்னா பூட்டாங்களா?" என்று கனகம் பயந்துபோய்க் கேட்டாள்.

பிரச்சினையைத் தீர்க்க ஐவர் குழு அமைக்கப்பட்டது. குழு நாலு முறை கூடி போண்டா சாப்பிட்டது. ஐந்தாம் முறை சிவசங்கரே வழி சொன்னார். லைனில் மெஷினோடு சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர்கள் உற்பத்திப் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அவருடைய பாலிசி செல்லாது. "ஆக, இது மெஷின்தான்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." ஜீவானந்தம் எழுதிக் கொடுத்தார். சிவசங்கர் ஓட்டைகளைத் திறந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

கம்பெனியில் ஏற்கெனவே எட்டு லைன் இருந்ததால் இது ஒன்பதாம் லைன் ஆனது. மெஷின் என்றால் சும்மாவா? தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். அவசரத்துக்கு நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தார்கள். ஆடுகிறவர் தொப்பி, பாதுகாப்பு ஷூ, காதடைப்பான் அணிய வேண்டும் என்று பலகை மாட்டினார்கள். கடைசியாகப் படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது: 'இம்மெஷினில் உற்பத்தியாகும் பொருள்'. காலியாக விட வழியில்லை. ஜீவானந்தம் பேனாவைக் கடித்து யோசித்து, 'கோல்' என்று எழுதினார். பொருள் இருந்தால் டார்கெட் இருக்கத்தானே வேண்டும்? மணிக்குப் பன்னிரண்டு கோல் என்று போர்டு வைத்தார்கள்.

முதல் நாள் திருமலையும் மகாராஜாவும் தொப்பியும் ஷூவுமாக உட்கார்ந்தார்கள். ஆறு நிமிஷம். ஐந்துக்குச் சைபர். அடடா, அந்தச் சுகம்! திருமலைக்குப் பல நாளாக அடைத்திருந்த மூக்கு திறந்த மாதிரி இருந்தது. அப்போது தரக்கட்டுப்பாட்டு ரஞ்சனி, கையில் அட்டையோடு மஞ்சள் கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"மொத்தம் எத்தனை கோல்?"

"அஞ்சு மேடம். அவருக்குச் சைபர்!" என்றான் திருமலை பெருமையாக.

"அப்போ ஒரு ஆபரேட்டரோட உற்பத்தி சைபர். அதோட அவர் அஞ்சு கோல் வாங்கியிருக்கார். அஞ்சும் டிஃபெக்ட்." அட்டையில் குறித்துக்கொண்டாள். டிஃபெக்ட் வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு மூலகாரணம் பிடிப்பது அந்தக் கம்பெனி வழக்கம். "மகாராஜா சார், ஏன் கோல் வாங்குனீங்க?"

"அவன் போட்டான் மேடம்."

"ஏன் போட்டார்?"

"நல்லா ஆடுதான்."

"நீங்க ஏன் போடல?"

"விட மாட்டேங்கான் மேடம், குறுக்க குறுக்க வந்து விழுதான்."

"ஏன் தாண்டிப் போகல?"

மகாராஜா சுற்றியும் பார்த்தார். லைன் மொத்தமும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. "எனக்கு ஆடத் தெரியல மேடம்" என்றார்.

அதைக் கேட்கத் திருமலை காதடைப்பானையே கழற்றினான். நாலு வருஷத் தவம் பலித்துவிட்டது. ஆனால் ரஞ்சனிக்கு இன்னும் ஒரு 'ஏன்' பாக்கி இருந்தது. அதையும் கேட்டு, மூலகாரணத்தை எழுதினாள்: 'ஒரு ஆபரேட்டர் மற்றொரு ஆபரேட்டரின் உற்பத்திக்கு இடையூறு செய்கிறார்.' தீர்வு: இனி யாரும் யாருடைய கோலையும் தடுக்கக் கூடாது. முறை வைத்துப் போட வேண்டும்.

அன்றிலிருந்து இவன் பந்தை உதைத்துக்கொண்டு போவான், அவர் ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள், கோல். பிறகு அவர் போவார், இவன் ஆட்கள் ஒதுங்குவார்கள், கோல். டார்கெட் மணிக்கு முப்பத்தாறாக ஏறியது. பதினெட்டுக்குப் பதினெட்டு, அடுத்த மணி மறுபடியும் பதினெட்டுக்குப் பதினெட்டு. மெஷின் பத்து நிமிஷம் மட்டும் ஓடினால் நஷ்டம் என்று கண்டுபிடித்து, இருவரையும் ஷிஃப்ட் முழுக்க அங்கேயே போட்டார்கள். 'ஒன்பதாம் லைனில் தோல்வி ஒழிக்கப்பட்டது' என்று நோட்டீஸ் போர்டில் படத்தோடு செய்தி வந்தது. ஒரு கோலுக்குக்கூடச் சிரிக்க முடியாத ஆத்திரத்தில் திருமலை வேலையை விடுகிற அளவுக்கு வந்துவிட்டான்.

அந்த வாரம் ஒன்பதாம் லைனுக்கு லீடர் தேவைப்பட்டது. திறமைப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். திருமலை: நாலாம் நிலை, அதுதான் உச்சம். மகாராஜா: ஒன்றாம் நிலை, அதுதான் அடிமட்டம்; ஆடத் தெரியாது என்று அவரே சொன்னது அட்டையில் ஏறியிருந்தது. பட்டியல் சொன்ன பிறகு மனிதர் சொல்ல என்ன இருக்கிறது? திருமலைக்கு லீடரின் நீலத் தொப்பியும் போர்டில் எழுத மார்க்கரும் கிடைத்தன. அவன் நாற்காலியில் மோகன் என்ற எட்டாம் லைன் ஆள் வந்து உட்கார்ந்தான்.

தான் மட்டும் யாரையும் திட்டுவதில்லை என்று திருமலை முடிவு செய்தான். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. முதல் நாள், "சார், கொஞ்சம் வேகமா போட்டா நல்லா இருக்கும்" என்றான். மூன்றாம் நாள், "இன்னா சார், அரை மணி ஆவுது, ஒம்பது கோல்தான் கீது" என்றான். ஐந்தாம் நாள் 'சார்' கழன்று விழுந்தது. "யோவ் மகாராஜா! பந்த உதைக்கிறியா, அதுக்குக் கால் அமுக்கிகினு கீறியா?" லைன் சிரித்தது. திருமலைக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது.

ஒரு நாள் பழக்கதோஷத்தில் மகாராஜாவின் கோல்கீப்பர் பாய்ந்து மோகனின் பந்தைப் பிடித்துவிட்டார். மகாராஜா துள்ளிக் குதித்து, "பிடிச்சுட்டேம்லா!" என்று கத்தினார். நாலு வருஷத்தில் அவர் தடுத்த முதல் கோல் அது. திருமலை மெமோ கொடுத்தான்: 'உற்பத்தி நேரத்தில் கோலைத் தடுத்ததற்கும், தடுத்ததால் மகிழ்ச்சி அடைந்ததற்கும் விளக்கம் தரவும்.'

மாதக் கடைசியில் தலைமையகத்திலிருந்து டைரக்டர் சுற்றிப் பார்க்க வந்தார். தொப்பியும் ஷூவும் போட்டு இரண்டு பேர் எதிர்ப்பே இல்லாமல் கோல் போட்டுக்கொண்டிருப்பதை ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார்.

"இந்தக் கோலையெல்லாம் நாம என்னய்யா பண்றோம்?"

"இருப்பு வைக்கிறோம் சார்" என்றார் ஜீவானந்தம்.

டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் அன்று புத்தி தெளிவாக இருந்தவர் அவர் ஒருவர்தான். நீலத் தொப்பியிடம் திரும்பினார். "தம்பி, நீதானே லீடர்? மனசுல இருக்கறதச் சொல்லு. இந்த போர்டு, கோடு எல்லாத்தையும் தூக்கிடறேன். மிஷினும் வேணாம், டார்கெட்டும் வேணாம். டீ டைம்ல ஜாலியா ஆடுங்க, தோக்கறவன் தோக்கட்டும். உன் ஒரு வார்த்த போதும்."

மகாராஜா திரும்பிப் பார்த்தார். 'சொல்லிருலே' என்று கெஞ்சியது அவர் முகம். திருமலைக்கும் தொண்டைவரை வந்துவிட்டது. அவனுடைய பத்து நிமிஷம், ஐந்துக்குச் சைபர், அந்தச் சிரிப்பு, எல்லாம் ஒரு வார்த்தை தூரத்தில் இருந்தன. பிறகு அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அப்போது மகாராஜாவைப் பத்து நிமிஷம் ஜெயித்தான். இப்போது எட்டு மணி நேரம் ஜெயிக்கிறான்.

"எடுக்க வேணாம் சார்" என்றான் திருமலை, தொப்பியைச் சரி செய்துகொண்டு. "ஒரு ஷிஃப்ட் பத்தல. மூணு ஷிஃப்டா ஓட்டலாம்."

டைரக்டர் ஒரு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை, கூடுதல் ஷிஃப்டுகளுக்கு ஆள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்தக் கூத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். வரிசை கேன்டீனைத் தாண்டிப் போனது. முதல் ஆளாக நின்றவர் மகாராஜா. சாயங்காலம் ஜீவானந்தம் எண்ணிப் பார்த்தார், நூற்று நாற்பது படிவம் வந்திருந்தது. நூற்று நாற்பதிலும் 'விரும்பும் பதவி' என்ற கட்டத்தில் 'லீடர்' என்றே எழுதியிருந்தது.