ஆறு மணி நேரக் கல்யாணம்

"இடம் போதவில்லை" என்றது கணினி.

மனோல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தான். கண்ணாடி மேல் தப்பில்லை. இரவல் வாங்கிய ஹார்ட் டிஸ்க்கில் குடும்பப் புகைப்படங்களில் பாதிதான் ஏறியிருந்தது. மீதிப் பாதி வாசலில் நின்றது.

ஒரு மாதமாகவே கணினி மிரட்டிக்கொண்டிருந்தது. பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாதாம், புதியதற்கு மாறியே ஆக வேண்டுமாம். மனைவி நெவெனா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"மாத்திக்கோ, வேணாங்கல. ஆனா அதுக்கு முன்னாடி போட்டோ எல்லாத்தையும் வேற எங்கயாவது காப்பி பண்ணி வை. ஒரு போட்டோ காணாமப் போச்சுன்னாலும் அடுத்தது நீதான் காணாமப் போவ."

புது டிஸ்க் வாங்கிவிடலாம் என்றுதான் மனோல் இருந்தான். லிஃப்டில் இதைக் காதில் வாங்கிய மேல்மாடி ஸ்டாமென் பதறிப்போனார். "அட, எதுக்குடா கடைக்காரனுக்குக் கொட்டி அழற? என்கிட்ட இருக்கே!" அடுத்த பத்தாவது நிமிடம், வீட்டுச் செருப்போடு அவரே டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்த டிஸ்க்கைத் திறந்து பார்த்த மனோலுக்கு, இடம் எங்கே போயிற்று என்று புரிந்தது. உள்ளே ஒரே ஒரு கோப்பு பூதம்போலக் கால் நீட்டிப் படுத்திருந்தது. ஸ்டாமெனின் மகள் இவெலினாவின் கல்யாண வீடியோ.

அந்தக் கட்டடத்தில் அதைப் பார்க்காதவர் யாரும் கிடையாது. ஆறு மணி நேரம் ஓடும். ஸ்டாமெனின் மனைவி ஸ்லாட்கா நடுநடுவே நிறுத்தி விளக்கம் சொல்வதால் எட்டு. மணப்பெண் சடங்குக்காகச் செம்புக் குடத்தை உதைக்கும் காட்சியை முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஓட்டி ஒரு தடவை காட்டுவார். வட்டமாகக் கைகோத்து ஆடும்போது ஸ்டாமெனின் கால்சட்டைப் பொத்தான் தெறித்து, கால்சட்டை முழங்காலுக்கு இறங்கும் கட்டத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவார். இதற்கு வேறு பிரதியே கிடையாது. விளக்கம் சொல்ல ஆளில்லாமல் யாராவது தனியாகப் பார்த்துவிட்டால் அர்த்தம் புரியாமல் போய்விடும் என்று அவருக்குக் கவலை.

ஸ்லாட்காதான் கட்டடத்தின் நிர்வாகியும். அவரோடு ஒருமுறை முறைத்துக்கொண்ட நான்காம் மாடிக்காரர் அன்றிலிருந்து வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்துகிறார்.

அதனால் மனோல் மிகுந்த பயபக்தியுடன் அந்த வீடியோவை டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தன் கணினிக்கு மாற்றினான். சும்மா கொஞ்ச நேரத்துக்குத்தான். காலியான இடத்தில் புகைப்படங்களை எல்லாம் ஏற்றினான். கடைசிப் படம் ஏறியதும் டிஸ்க்கும் நிரம்பி வழிந்தது. வீடியோ திரும்பிப் போக இடமில்லை.

மைத்துனன் கென்ச்சோவுக்குப் போன் போட்டான். கென்ச்சோ ஒரு காலத்தில் கணினிக் கடையில் வேலை பார்த்தவன். கடையை ஏன் விட்டான் என்று குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை.

"இதுக்கா போன் பண்ண? வீடியோ கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும் மாமா. புது சிஸ்டம் போட்டா உள்ள இருக்கறத அது தொடவே தொடாது" என்றான் கென்ச்சோ.

"தொடவே தொடாதுன்னா அப்புறம் நான் எதுக்குடா காலையிலேருந்து போட்டோவக் காப்பி பண்ணிக்கிட்டு இருக்கேன்?"

"அது அக்காவுக்காக. இது கம்ப்யூட்டர். ரெண்டும் வேற."

நியாயமாகத்தான் பட்டது. மனோல் பொத்தானை அழுத்தினான். "அணைத்துவிடாதீர்கள்" என்று திரையில் வந்தது. சத்தியமாக அவன் அணைக்கவில்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. யாம்பொல் நகரத்தில் எந்த பால்கனியைப் பார்த்தாலும் மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாய். வீட்டுக்கு ஒரு மின்சார மிளகாய் அடுப்பு. சுட்டு, தோலுரித்து, லூட்டெனிட்சா என்ற மிளகாய்த் தொக்கைக் கிளறிச் சாடியில் அடைத்தால்தான் குளிர்காலத்தில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கும். நெவெனாவும் தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். பால்கனியில் பிளக் கிடையாது. கணினிக்குப் பின்னால் கிடந்த நீட்டிப்பு ஒயரில் ஒரு துளை காலியாக இருந்தது.

டப்.

திரை கறுத்தது. ஓடிக்கொண்டிருந்த சலவை இயந்திரம் நின்றது.

"நெவெனா! என்னத்தச் சொருகின?"

"அடுப்பு. ஏன், வருஷா வருஷம் அங்கதான சொருகறேன்?"

"வருஷா வருஷம் நான் சிஸ்டம் மாத்தறேனா?"

"அத மிளகாய் சீசன்லதான் மாத்தணுமா? ஜனவரில மாத்தினா என்ன கேடு?"

மனோல் ஓடிப்போய் ஃபியூஸைப் போட்டான். கணினி விழித்துக்கொண்டு, அடையாளம் தெரியாத நீலத் திரையில் என்னவோ கேட்டது. மறுபடி கென்ச்சோவுக்குப் போன். அவனும் அவன் வீட்டு பால்கனியில்தான் நின்றிருந்தான்.

"சீக்கிரம் சொல்லு மாமா. கையெல்லாம் மிளகாய்த்தோலு, போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு நிக்கறேன்."

"என்னவோ பெரிசாக் கேக்குதுடா. பழுது பாக்கவா, புதுசாத் தொடங்கவான்னு..."

"எது கேட்டாலும் ஆமான்னு அழுத்து."

"அப்புறம் இன்னொண்ணு கேக்குது."

"அதுக்கும் ஆமாதான். ஐயோ கருகுது, வச்சிடறேன்!"

மனோல் ஆமாம் என்றான். மறுபடியும் ஆமாம் என்றான். 'நிச்சயமாகவா?' என்று கணினி பரிதாபமாகக் கேட்டதற்கும் ஆமாம் என்றான். பாதி மூட்டை மிளகாய் சுட்டு முடிவதற்குள், கணினி இப்போதுதான் பிறந்ததுபோலப் பளிச்சென்று எழுந்து நின்று, "வணக்கம், உங்கள் பெயர் என்ன?" என்றது.

உள்ளே ஒன்றுமே இல்லை. கல்யாணம் இல்லை. குடம் இல்லை.

மனோலுக்கு ஸ்லாட்காவின் மேல் பயம் ஒரு பக்கம். அதைவிட, ஒரு பெண்ணின் கல்யாணத்தையே அழித்துவிட்டோமே என்ற வருத்தம் பெரிது. நான்காவது முறை கூப்பிட்டபோதுதான் போனை எடுத்த கென்ச்சோ, "அழிச்சு, அது மேலயே புதுசா எழுதியும் ஆச்சு. இனிமே அந்தக் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது மாமா. எதுக்கும் நான் சொல்லித்தான் பண்ணேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத" என்றான்.

ஒரே வழிதான் மிச்சம். வேறு பிரதி கிடையாது என்று ஸ்லாட்கா சொன்னாலும், கல்யாணப் பெண்ணிடமாவது ஒன்று இல்லாமலா போகும்? வர்னாவில் குடியிருக்கும் இவெலினாவுக்குப் போன் போட்டு, நைசாகக் கேட்டான்.

"ஒண்ணுமில்லம்மா, உன் கல்யாண வீடியோ... நம்ம வீட்டுலயும் ஒரு காப்பி இருந்தா நல்லா இருக்குமேன்னு..."

"நிஜமாவா கேக்கறீங்க அங்கிள்? இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. என்கிட்ட இல்ல, அம்மாகிட்ட மட்டும்தான் இருக்கு. இருங்க, நானே அம்மாகிட்ட சொல்றேன்!"

"வேணாம்மா, அதெல்லாம்..."

வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஸ்லாட்கா. கண்கள் கலங்கியிருந்தன.

"மனோல்! இவ்வளவு ஆசைய மனசுல வச்சுக்கிட்டா இத்தன நாளா பேசாம இருந்த? இவெலினா இப்பத்தான் போன் பண்ணினா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அது வந்து அக்கா..."

"ஒண்ணும் பேசாத. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வர்னாவிலேருந்து வராங்க, பன்னெண்டு பேரு. எங்க வீட்டுல போடலாம்னு இருந்தேன். இப்ப முடிவ மாத்திட்டேன். உங்க டிவிதான பெரிசு? டிஸ்க்கும் இங்கதான இருக்கு? ஆறு மணிக்கு எல்லாரும் கீழ வந்துடறோம். நெவெனா, நீ ஒண்ணும் சமைக்காத, சுட்ட மிளகாயும் ரொட்டியும் இருந்தா போதும்!"

கதவு சாத்தியதும் நெவெனா கையில் இருந்த மிளகாயைக் கீழே வைத்தாள்.

"எட்டு மணி நேரம். நம்ம வீட்டுல. பன்னெண்டு பேரு. என்ன பண்ணித் தொலைச்ச மனோல்?"

மனோல் சொன்னான். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்ட வித்துடலாமா?" என்றான் அவன்.

"ஆறு மணிக்குள்ள யாருடா வாங்குவான்? போ. மேல போய் ஸ்டாமென் அண்ணன் கால்ல விழு. அந்தம்மாகிட்ட அவரு பக்குவமா எடுத்துச் சொல்லுவாரு. பாவம், நல்ல மனுஷன். அவருக்குப் போய் இப்படிப் பண்ணிட்டியே."

ஸ்டாமென் பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து மிளகாய் உரித்துக்கொண்டிருந்தார். ஸ்லாட்கா விருந்தாளிகளை அழைத்துவர ரயில் நிலையம் போயிருந்தார். மனோல் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தான். மாற்றி வைத்தது, அடுப்பு, நீலத் திரை, மூன்று ஆமாம், எதையும் விடவில்லை. கென்ச்சோவின் பெயரைக்கூட விடவில்லை.

ஸ்டாமென் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து பால்கனிக் கதவைச் சாத்தினார்.

"முழுசாப் போச்சா?"

"முழுசாத்தான் அண்ணே."

"திரும்ப எடுக்கவே முடியாதா? நல்லாத் தெரியுமா?"

"கடவுளே வந்தாலும் முடியாதாம்."

ஸ்டாமென் மிளகாய்ச் சாறு வடியும் கைகளோடு அவனை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். மனோலின் சட்டை முதுகெல்லாம் சிவப்பானது.

"ரெண்டு வருஷமா அந்த டிஸ்க்க இந்தக் கட்டடம் பூரா ஒருத்தன் விடாம இரவல் குடுத்துப் பாத்துட்டேன்டா, அத்தன பாவிப் பசங்களும் பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து குடுத்துட்டானுங்க!"