அத்தை போட்ட மார்க்

முதல் முறையாகப் பெண் வீட்டுக்குப் போகிறவன் கையில் ஒரு லட்டுப் பெட்டி இருந்தால் போதும். நான் இரண்டு பெட்டிகளோடு போனேன். இரண்டாவது, அலுவலகப் பெட்டி. நான் ரொம்பப் புத்திசாலி என்று எனக்கிருந்த எண்ணம் அன்று மாலையோடு ஒழிந்தது.

அப்போது சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. ஆன்லைன் விளையாட்டுகள் ஏன் திணறுகின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. நாம் விரலை அசைத்தால் அந்தச் செய்தி எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய கணினிக்குப் போய்த் திரும்ப வேண்டும், அதில்தான் தாமதம். அதற்குப் பதில் விளையாடுகிறவரின் பக்கத்திலேயே சின்னக் கணினி ஒன்றை வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். இதற்கு ஃபாக் கம்ப்யூட்டிங் என்று பெயர். (கறிவேப்பிலை தீர்ந்தால் ஒவ்வொரு தடவையும் தேக்கா மார்க்கெட்டுக்கா ஓடுகிறோம்? பக்கத்து வீட்டில் கேட்பதில்லையா? அதுதான்.) வித்தியாசம் தெரிகிறதா என்று ஆட்களை விளையாட வைத்து, ஐந்துக்கு எத்தனை என்று மார்க் வாங்க வேண்டும். கொஞ்சம் வயதானவர்களிடமும் கேள் என்றார் மேலாளர். எனக்கு, நான் காதலித்த கவிதாவின் அப்பா அம்மா நினைவுக்கு வந்தார்கள்.

“வீட்டுக்கு வேலையத் தூக்கிட்டு வராத லா,” என்றாள் கவிதா. “அப்பா ஓகே. அம்மா இன்னும் சரின்னு சொல்லல. கணக்கு டீச்சரா இருந்தவங்க, அரை மார்க்கூட சும்மா போடமாட்டாங்க.”

“அப்படிப்பட்ட ஆள்தான் எனக்கு வேணும்,” என்றேன். காதலிக்கிறவன் பேசுகிற பேச்சா இது?

குவீன்ஸ்டவுனில் அவர்கள் வீட்டில் லட்டை நீட்டிய கையோடு அந்தச் சின்னக் கணினிப் பெட்டியையும் டிவிக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டேன். ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்து கேரம் ஆட உட்கார வைத்தேன். சில ஆட்டங்கள் அந்தப் பெட்டி வழியாக, சில ஆட்டங்கள் தூரத்துக் கணினி வழியாக. எது எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போனது. இருவரும் அஞ்சு என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தது தூரத்து ஆட்டம். கவிதாவின் அப்பா, அதான் மாமா, அடித்த ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றது. காய்கள் நின்றன. எல்லாமே நின்றன. மாமா டேப்லெட்டைத் திருப்பிப் பின்பக்கம் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

“படம் நல்லா தெளிவா இருக்கு தம்பி. அஞ்சு.”

“எனக்கும் அஞ்சு,” என்றார் கவிதாவின் அம்மா.

பெண் கேட்டு வந்தவன் கொண்டுவந்த பொருளில் குறை சொல்வது மரியாதையில்லை என்று அவர்கள் நினைத்தது என் மரமண்டைக்கு எட்டவில்லை. எல்லா ஆட்டத்துக்கும் அஞ்சு. மேலாளர் முகம் என் கண்முன் வந்தது.

“பொய் சொல்லாதீங்க ஆன்ட்டி!” என்று கத்திவிட்டேன்.

சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்த கவிதா கரண்டியோடு வெளியே வந்தாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணம் கைநழுவிப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. “இல்ல ஆன்ட்டி, குறை இருந்தா சொல்லணும். சொன்னாத்தான் சரிபண்ண முடியும்,” என்று குழறினேன்.

“குறை சொல்லலாமா?” கவிதாவின் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கேமுக்கு ரெண்டு. அதுவும் கடைசியில நகந்துச்சேன்னுதான். உனக்கு ஒண்ணு. என் பொண்ணு ரெண்டு தடவ தண்ணி வேணுமான்னு கேட்டா. நீ பெட்டியில எரியற விளக்கையே பாத்துக்கிட்டிருந்த. வடை ஆறிப்போச்சு. அந்த கேமவிட நீதான் லேட்டு தம்பி.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன். ஆறிப்போன வடையை எடுத்துத் தின்றேன். கவிதாவிடம், “தண்ணி வேணும்,” என்றேன். முதலில் மாமாதான் சிரித்தார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார் கவிதாவின் அம்மா. “மொத்தத்துல மூணு போடலாம். இந்த வீட்டுக்கு வந்து குறை சொல்லுங்கன்னு கேட்ட ஆளு நீ ஒருத்தன்தான். அடுத்த வாரம் சாப்பிட வா, பெட்டி வேணாம். அப்புறம், ஆன்ட்டி இல்ல, அத்தை.”

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மார்க்தான். என் மீன் குழம்பு, நான் மடிக்கும் துணி, நான் கார் நிறுத்தும் அழகு, எதுவும் மூன்றைத் தாண்டியதில்லை. மகள் பிறந்த அன்று மருத்துவமனையில் அவளைக் கையில் வாங்கியவன் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை வந்து பக்கத்தில் நின்றது தெரியவில்லை.

“அஞ்சு,” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “தேங்க்ஸ் அத்தை.”

“குழந்தைக்குச் சொன்னேன். உனக்கு நாலு.”

அந்த நாலு மார்க்கை வாங்கிக்கொண்டு நர்சுகள் முன்னால் நான் விம்மி விம்மி அழுததைத்தான் இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்லிச் சிரிக்கிறார்.