தேசப்பன் படத்திறப்பு

சினிமா விமர்சகனை யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. படம் எடுத்தவர்களுக்கு அவன் முகத்தில் விழிக்கப் பிடிக்காது. சொந்தக்காரர்களுக்கோ, பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்கு மதிப்பெண் போட்டுவிடுவானோ என்று பயம். செங்கல்பட்டில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இணைய இதழ் ஒன்றில் வாராவாரம் படங்களையும் சீரியல்களையும் கிழித்துக்கொண்டிருந்த எனக்கும் அதே கதிதான். அதனால்தான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு மீனவக் குப்பத்திலிருந்து போன் வந்தபோது, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

பேசியவர் பெயர் கன்னியப்பன். பின்னால் கடல்காற்று இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணாத்த, வர்ற ஞாயித்துக்கெயம எங்கண்ணன் படத்த தொறக்கறோம். நீதான் வந்து தொறந்து வச்சு நாலு வார்த்த பேசணும்."

பட வெளியீட்டு விழா! அதற்கு என்னையா! சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "படத்துல யார் யாரு?" என்றேன்.

"எங்கண்ணன் மட்டுந்தான். தேசப்பன். வேற யாரு வருவா?"

(ஒரே ஆள் நடிக்கும் படம். குப்பத்தில் இப்படியொரு சோதனை முயற்சியா என்று எனக்குப் புல்லரித்தது.)

"எப்படி வந்திருக்கு?"

"சூப்பரா வந்துகீது. மெட்ராஸ்ல குடுத்துப் பண்ணோம். ஃப்ரேம்லாம் பாத்தீனா அசந்துடுவ."

ஃப்ரேமைப் பற்றிப் பேசுகிற மனிதரிடம் எப்படி மறுப்பது? வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளிப்பச்சையில் செம்பருத்திப் பூ போட்ட சட்டை, கையில் ஒரு பூங்கொத்து. ஸ்கூட்டரில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும்போதே என் பேச்சைச் சத்தமாக ஒத்திகை பார்த்தேன். குப்பத்து முனையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய பேனர். கூலிங்கிளாஸ் போட்ட முகம், கன்னத்தில் கை. அடியில் இருந்த எழுத்தை மீன் ஏற்ற வந்த மினி லாரி ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. ஹீரோ களையான ஆள்தான் என்று நினைத்தேன்.

முன் வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தயாரிப்பாளர் போலிருக்கிறது என்று நேராக அவரிடம் போனேன். பூங்கொத்தை நீட்டினேன்.

"வாழ்த்துகள்மா. படம் நல்லா ஓடணும்."

அந்த அம்மா பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சுற்றிலும் பேச்சு நின்றுபோனது. கரகரத்த குரலில் ஒருவர், "அண்ணாத்த, இன்னா சொல்ற?" என்று ஓடி வந்தார். குரலைக் கேட்டதும் கன்னியப்பன் என்று தெரிந்தது. அவர் மொட்டை அடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து மினி லாரி நகர்ந்தது. பேனரின் அடியில் கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி" என்று இருந்தது.

படத்திறப்பு. எத்தனை சுவரொட்டிகளில் படித்த சொல்! செத்துப்போனவரின் படத்தைத் திறந்துவைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வாழ்த்துச் சொல்லிப் பூங்கொத்து கொடுத்தது அவருடைய மனைவியிடம். கடல் பக்கத்தில்தான் இருந்தது. ஓடிப்போய் விழுந்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

கன்னியப்பன் தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, செம்பருத்திகள் தெரியாதபடி என்மேல் போர்த்திவிட்டு, ஷாமியானாவுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே தேசப்பனின் மகள் கௌரி நின்றிருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண்.

"அப்பாவுக்கு நெஞ்சுவலி சார். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு," என்றாள். "உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லிக்கினு இருப்பாரு. ஒரு படத்துல அப்பா ஒரே ஒரு சீன்ல வருவாரு. 'பெயர் தெரியாத அந்தப் படகோட்டி ஒருவர்தான் இந்தப் படத்தில் நடிக்காமல் இருக்கிறார்'னு எழுதினீங்க இல்ல?"

எனக்கு நினைவே இல்லை. படமும் நினைவில்லை, படகோட்டியும் நினைவில்லை.

"நா அத்தப் படிச்சிட்டு, நடிக்கலன்னு திட்றாரு பாருன்னேன்," என்றார் கன்னியப்பன். "அட முட்டாளே, அதாண்டா நடிப்பு, அந்தாளுக்குப் புரிஞ்சிருக்குதுன்னான். கடலுக்கு வராம ஷூட்டிங் ஷூட்டிங்னு போறானேன்னு ஊரே சிரிக்கும். நானே எவ்ளோ திட்டிக்கீறேன் தெரியுமா." சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவரு நடிகர்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க சார். அது போதும்," என்றாள் கௌரி.

ஒத்திகை பார்த்த பேச்சு காற்றோடு போயிருந்தது. "அந்தக் காட்சி இருக்காம்மா?" என்று கேட்டேன். அவள் போனில் வைத்திருந்தாள். துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தேன். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னேன்.

பிறகு மேடைக்குப் போய்த் திரையை விலக்கினேன். கன்னியப்பன் பொய் சொல்லவில்லை. ஃப்ரேம் அருமையாகத்தான் இருந்தது.

மைக்கில் பார்த்ததை மட்டும் சொன்னேன். "கதாநாயகன் அக்கரைக்கு வழி கேட்கிறான். தேசப்பன் அவனைப் பார்க்காமல் தண்ணியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறார். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். மற்றவர்கள் என்றால் அப்போது கேமராவைப் பார்த்திருப்பார்கள். இவர் போகிறவன் முதுகையே பார்க்கிறார். இவன் திரும்பி வருவானா என்ற கவலை அந்தக் கண்ணில் இருக்கிறது. வசனத்தில் அது இல்லை, இவராகக் கொண்டுவந்தது. அதைத்தான் நடிப்பு என்கிறோம். தேசப்பன் ஒரு நடிகர்."

சிரித்த ஊர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தது. அத்தோடு நான் இறங்கியிருக்கலாம். ஆனால் வாராவாரம் ஒரே வரியில் முடித்துப் பழகிய நாக்கு, என்னைக் கேட்காமலே முடித்தது.

"குடும்பத்துடன் ஒருமுறை தாராளமாகப் பார்க்கலாம்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

முன் வரிசையில் தேசப்பனின் மனைவி மெல்ல நிமிர்ந்தார். பூங்கொத்து இன்னும் மடியில்தான் இருந்தது.

"ஒரு தபாவா?" என்றார். "அந்தாளு தெனம் போட்டுக் காட்டி எங்க உசுர எடுத்துட்டாருப்பா. குடும்பத்தோடதான் பாத்தோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது. அதுவரை அவர் அழவே இல்லை என்று கௌரி பிறகு சொன்னாள். சாப்பிடாமல் என்னை அனுப்பவில்லை. சாம்பாரைப் பற்றி நான் எந்தக் கருத்தும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எந்த விழாவுக்கு நான் கிளம்பினாலும், "சம்பந்தப்பட்டவர் இருக்காரா, விசாரிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையை எடுத்துத் தருகிறாள்.

சென்ற மாதம் கௌரியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மறுநாள் கன்னியப்பனிடமிருந்து போன்.

"அண்ணாத்த, பத்திரிகை வந்துச்சா? இது கல்யாணம். பொண்ணு, மாப்ள ரெண்டு பேரும் நல்லா உசுரோட கீறாங்க. தைரியமா வந்து வாழ்த்து."