கான்பூரக்கா சொன்ன கதை

ஆவடிக்கு இந்தியைக் கொண்டுவந்தவர் கான்பூரக்காதான். வந்து சேர்ந்த பிறகு அந்த இந்திக்கே தன்னை அடையாளம் தெரியாமல் போனது வேறு விஷயம்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பிறந்தது பூந்தமல்லி. கணவருக்கு எங்கள் அப்பாக்களைப் போலவே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. மாற்றலில் கான்பூர் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். காய்கறிக்காரனிடம் பேரம் பேசவும் ரிக்‌ஷாக்காரனைத் திட்டவும் போதுமான இந்தி அக்காவிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு டில்லியிலிருந்து வரும் எதையும் மொழிபெயர்க்கலாம் என்று அவர் நம்பினார். டிவி செய்தியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஏதோ ஒரு நாட்டு அதிபர் விமானத்திலிருந்து இறங்கிக் கை குலுக்குகிறார். "வெங்காயம் வெல ஏறப் போவுதுன்றாரு" என்றார் அக்கா. எங்கள் வரிசை முழுக்க வெங்காயம் வாங்கிக் குவித்தது. மறுவாரம் நிஜமாகவே விலை ஏறியது. அதோடு அக்காவின் இந்தியைப் பற்றி இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

எண்பதுகளின் கடைசியில், ஞாயிறு காலைகளில் அந்த இந்தித் தொடர் வந்தது. பிரபல நடிகைக்கும் பிரபல கிரிக்கெட் வீரனுக்கும் காதல். பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? ஜன்னலில் தொங்கினார்கள், பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தார்கள், ஒருவன் பால்காரன் வேஷத்தில் கேமராவோடு வந்தான். குவார்ட்டர்ஸே அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. பெட்டிக்குப் பக்கத்தில் அக்காவுக்கு முக்காலி. திரையில் ஒருவர் வாய் மூடியதும் அக்கா திறப்பார். ஒருமுறை நாயகன் "ஹூம்" என்று மட்டும் சொன்னான். அக்கா அவனுடைய குடும்பக் கஷ்டம் முழுவதையும் சொல்லி முடித்தார்.

"ஒரு 'ஹூம்'முக்கு இவ்ளோ அர்த்தமாக்கா?" என்று கேட்டேன். கல்லூரியில் முதலாண்டு, எதையும் கேட்காமல் விடுகிற வயதில்லை.

"அது சிக்கனமான பாஷைம்மே. நம்மள மாரியா, வளவளன்னு?"

அந்தத் தொடரின் பத்திரிகைக்காரர்களைப் பார்த்து எங்கள் குழாயடி சிரித்தது. எங்களுக்கு வேஷமும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். எதிர் வரிசை மல்லிகா, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சேகரோடு நின்று பேசினாள். அவள் சைக்கிளை மிதித்து வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டது, அவள் கட்டியிருந்த புடவையின் நிறத்தோடு. சேகர் பருத்திப்பட்டுக்காரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். மல்லிகாவின் அம்மா லோகம்மாளுக்குத் திருநெல்வேலி. ஆவடி வந்து இத்தனை வருஷமாகியும் ஊர்ப்பேச்சில் ஒரு எழுத்தைக்கூட இழக்காதவர்.

"தை பொறந்ததும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, எங்க அண்ணன் மவனுக்குக் கட்டி வச்சிருவேன்" என்று குழாயடியிலேயே அறிவித்தார். "அந்தப் பய இந்தப் பக்கம் வரட்டும், கால ஒடிக்கேன்."

அந்தச் சனிக்கிழமை மல்லிகா அக்காவின் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதாள். மறுநாளிலிருந்து தொடரின் கதை திரும்பியது.

அதுவரை நாயகியின் தாயார் ஒரு ராட்சசி. முத்துமாலை, புருவத்தை உயர்த்தி ஒரு பார்வை. அன்றும் அவள் மகளைப் பார்த்து விரலை நீட்டிக் கத்தினாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"'நீ அழுவுறத பாத்துகினு எனக்கு எப்டிடி சோறு எறங்கும்'னு கேக்குறா."

லோகம்மாள் முன்னால் நகர்ந்தார். "யக்கா, அவ வையுத மாதிரில்லா இருக்கு?"

"பெரிய எடத்துப் பொம்பள. அவுங்க அழுவுறதே அப்டித்தான் கீது."

வாரத்துக்கு வாரம் தாயாரின் மனசு இளகியது. அவள் கண்ணாடிக் குவளையை வீசி உடைத்தால், 'ஊர் வாயை இப்படித்தான் ஒடைக்கணும்' என்று அர்த்தம். கதவை அறைந்து சாத்தினால், பத்திரிகைக்காரன் உள்ளே வந்துவிடக் கூடாதே என்ற கவலை. "நாலு பேரு நாலு வெதமா எழுதுவான். அவனா எம்பொண்ணுகூடக் குடித்தனம் பண்ணப் போறான்?" என்று ஒரு வசனம் சொன்னார் அக்கா. அப்போது திரையில் வெறும் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அந்த வாரம் லோகம்மாள் குழாயடியில் யாரோடும் பேசவில்லை. எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

கடைசிப் பகுதிக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், ஜபல்பூரிலிருந்து மாற்றலாகி வந்தார் டீச்சரம்மா. தமிழ்க்காரர்தான், ஆனால் அங்கே பிள்ளைகளுக்கு இந்தியே சொல்லிக்கொடுத்தவர். "டீச்சரம்மாவையும் கூட்டியாங்க. அவியளும் பாக்கட்டும்" என்றார் லோகம்மாள், கடைசி ஞாயிறு காலையில். மல்லிகாவின் முகத்தில் ரத்தம் இல்லை. அக்கா மட்டும் எப்போதும் போல முக்காலியில் உட்கார்ந்தார். ஆனால் வெற்றிலையைத் தலைகீழாக மடித்ததை நான் பார்த்தேன்.

விமான நிலையம். கேமராக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். நாயகி கண்ணீரோடு மோதிரத்தைக் கழற்றி நாயகன் கையில் வைக்கிறாள்.

"கழட்டிட்டாளே" என்றார் லோகம்மாள்.

"அளவு பாக்கக் குடுக்குறா. லூசா கீதாம்."

நாயகன் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக நடக்கிறான். விமானப் படிக்கட்டு ஏறுகிறான். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவன் மட்டும் போறாம்லா?"

"ஊடு பாக்கப் போறான். இன்னா லோகம்மா, பொண்ணையும் மூட்டையையும் ஒண்ணா ஏத்தினு போயி நடுத்தெருல நிப்பாட்டுவானா? பொறுப்பான பையன். மொதல்ல ஊடு, அப்பால கண்ணாலம்."

விமானம் மேகத்துக்குள் மறைந்தது. சோகமாக ஷெனாய் வாசித்தார்கள். லோகம்மாள் மெதுவாகத் திரும்பினார்.

"டீச்சரம்மா, அக்கா சொல்லுதது நெசமா?"

டீச்சரம்மா அக்காவைப் பார்த்தார். வாசல்படியில் காபித் தட்டோடு நின்ற மல்லிகாவைப் பார்த்தார்.

"அக்கா சொன்னது சரிதான்" என்றார். "ஆனா ஒண்ணை விட்டுட்டாங்க."

அக்கா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"மாப்பிள்ளையை வீடு பாக்கச் சொன்னதே பொண்ணோட அம்மாதானாம். கடைசியில அதைத்தான் சொல்றாங்க."

பிறகுதான் எனக்கு உறைத்தது. டீச்சரம்மா எங்கள் குழாயடியில் ஒரு வாரம் தண்ணீர் பிடித்தவர். அவருக்குத் தெரியாத சேதி என்ன இருக்க முடியும்?

லோகம்மாள் வெகுநேரம் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "ஏட்டி மல்லிகா, அந்தப் பயல அடுத்த ஞாயித்துக்கெழம கறிச்சோத்துக்கு வரச் சொல்லு. மொகத்தையாவது ஒழுங்காப் பாக்கேன்" என்றார். கூடமே கைதட்டியது. பக்கத்து வரிசைக்காரர்கள் நாம் கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பட்டாசு வெடித்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

தை பிறந்ததும் கல்யாணம், ஆவடியிலேயே. மணமேடையில் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, லோகம்மாளின் காதருகே ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"மருமவன மாமியாரு மொறச்சிப் பாக்கக் கூடாதுன்றாரு."

"சமஸ்கிருதமும் தெரியுமாக்கா?" என்றேன்.

"இந்திக்கு அக்கா மொறைம்மே அது."

சில வருஷம் கழித்து வேலைக்காகப் புனே போய், இந்தியை ஒழுங்காகக் கற்றேன். ஒருநாள் எங்கள் ஹாஸ்டல் டிவியில் அந்தத் தொடரை மறுபடி போட்டார்கள். ஒரு வசனம்கூட அக்கா சொன்னபடி இல்லை. அந்தத் தாயார் கடைசிவரை இளகவே இல்லை. மோதிரம் திரும்பிப் போனது. அவன் போனது போனதுதான். எனக்கு வந்த கோபத்தில், யார் இப்படி எங்கள் கதையை மாற்றி எழுதியது என்று கேட்கத் தோன்றியது. விமானம் மேகத்துக்குள் மறைந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராட்டிப் பெண் விசும்பினாள். அவள் தோளில் கை வைத்துச் சொன்னேன்: "அழாதே. வீடு பார்க்கத்தான் போகிறான்."