லாரஸின் குதிகாலும் என் செப்புக் காசும்

அன்புத் தம்பி தர்சோனோவுக்கு,

சோலோவிலிருந்து உன் அண்ணன் குந்தோரோ எழுதிக்கொள்வது. பாலிக்பாபனில் நீயும் உன் வீட்டாரும் இறைவன் கருணையால் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒரே ஒரு குதிகாலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும். சமையலறையில் நான் போனில் கேள்வி கேட்டால் மாடியிலிருந்து லாரஸ் பதில் சொல்லுவாள். அவள் காதில் விழக் கூடாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

என் மகள் லாரஸ் மூன்று மாதம் முன்பு பேட்மிண்டன் ஆடும்போது பின்னால் துள்ளி அடிக்கப் போய், இடது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரைக் காயப்படுத்திக்கொண்டாள் என்பது உனக்குத் தெரியும். மாகாண அணித் தேர்வு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி. ஆறு வயதிலிருந்து இதற்காகத்தான் அவள் விடியுமுன் எழுந்தாள், இதற்காகத்தான் நானும் தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டர் ஓட்டினேன். ஆகவே ஊரிலேயே கெட்டிக்காரி என்று பேர் வாங்கிய யூலிதா என்ற சிகிச்சைக்காரப் பெண்ணிடம் கூட்டிப் போனேன். அந்தப் பெண் காலில் களிம்பு தடவி, வளைந்த எஃகுத் தகடு ஒன்றை எடுத்தாள். கரண்டியும் இல்லை, கத்தியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதைக் கொண்டு மேலும் கீழுமாக நாலு இழு இழுத்துவிட்டுத் துடைத்து வைத்தாள்.

"அவ்வளவுதானாம்மா?" என்றேன்.

"அவ்வளவுதான் பாக்" என்று, ஐயா போடுவது போல மரியாதையாகவே சொன்னாள்.

"சிவக்கவே இல்லையே."

"சிவக்க வைக்கறது என் வேலை இல்ல பாக். இறுகிப்போன இடத்தைக் கொஞ்சம் இளக்கி விடறேன். குணமாக்கப் போறது பயிற்சிதான். படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலை மெதுவா இறக்கணும், காலையில பதினைஞ்சு, சாயங்காலம் பதினைஞ்சு. தேய்ச்ச இடத்தை ரெண்டு நாளைக்கு யாரும் தொடக் கூடாது."

தம்பி, நீயே சொல். ஜாவாவில் பிறந்தவனுக்கு இது அடுக்குமா? நமக்குக் காய்ச்சலோ தலைவலியோ பரீட்சை பயமோ எது வந்தாலும், முதுகில் தைலத்தைத் தடவிச் செப்புக் காசால் இழுத்து, மீன் முள் மாதிரி வரி வரியாகச் சிவந்தால்தானே உள்ளே இருக்கிற காற்று வெளியே போனதாக அர்த்தம்? எவ்வளவு சிவப்போ அவ்வளவு குணம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரியிலிருந்து காசை எடுத்தேன். உன் அண்ணி முர்னி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொண்ணு ரெண்டு நாள் தொடக் கூடாதுன்னு சொல்லிச்சாமே?"

"அது தகட்டுக்குச் சொன்னது. காசுக்குச் சொல்லலை."

"உங்களுக்குன்னு ஒரு சட்டப் புத்தகம் வச்சிருக்கீங்க பாருங்க!"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அரை மணி நேரம் தேய்த்தேன். லாரஸ் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவங்க முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ற பழக்கம் நம்ம வீட்ல யாருக்கு இருக்கு? அதை விடு. பதினேழு வயசாகிறது, எதைக் கேட்டாலும் "ம்", "இல்ல" இந்த ரெண்டு வார்த்தைதான் பதில். அப்படிப்பட்டவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்டா. பயிற்சியாளர் புது வரவுகளைத் தலைமேல் தூக்கி வைப்பதை, தோழியோடு பேச்சு நின்று போனதை, கனவில்கூட வலைக்கு அந்தப் பக்கமே இறகுப்பந்து விழ மாட்டேன் என்கிறது என்பதை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் காலையிலிருந்து காத்திருப்பேன்.

மூணாவது வாரம் கால் வீங்கிப் போச்சு. யூலிதா காலுறையைக் கழற்றிப் பார்த்தாள். வரிகளைப் பார்த்தாள்.

"இது யார் வேலை?"

லாரஸ் கூரையைப் பார்த்தாள். "நான்தாம்மா" என்று உடனே ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் குனிந்து வீக்கத்தை அமுக்கிப் பார்த்தாளா, அப்போது அவள் சட்டைக் காலருக்கு மேலே, பின்கழுத்தில், நல்ல இரத்தச் சிவப்பில் மூன்று வரி!

"உங்க கழுத்துல என்னம்மா அது?"

"நேத்து சளி பிடிச்சுது. எங்கம்மா காசால இழுத்து விட்டாங்க."

"பாத்தீங்களா!"

"பாக், சளிக்கு எங்கம்மா. குதிகாலுக்கு நான். ரெண்டு பேரும் அடுத்தவங்க வேலையில கை வைக்கறதில்ல." அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்: "இந்தக் காலோட குதிச்சா நார் அறுந்து போகலாம். இன்னும் ரெண்டு மாசமாவது ஆகும். தேர்வுக்கு அனுப்பறது உங்க இஷ்டம். நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

தம்பி, பெற்ற பெண்ணின் காலை நானே கெடுத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தேன். சிவப்பைக் கண்டால் நமக்கு ஏதோ சாதித்துவிட்ட திருப்தி. படிக்கட்டில் நின்று குதிகாலை இறக்குவதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி என்ன இருக்கிறது? அதை அவளேதான் செய்துகொள்ள வேண்டும், அப்பனுக்கு அங்கே வேலையே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. குணமாக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார இடம் பிடித்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வருஷத் தேர்வை விட்டுவிடு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நீ அவளுக்குச் சொல்ல வேண்டும். நீ மாவட்டத்துக்காக ஆடியவன், உன் பேச்சுக்கு மரியாதை உண்டு. நான் சொல்லலாம்தான், எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல? தப்பு முழுக்க அப்பாவுடையது என்றும் சேர்த்துச் சொல். அவள் தன்னையோ அந்த யூலிதாவையோ நொந்துகொள்ளக் கூடாது.

காலுக்குக் கொஞ்சம் நடை நல்லதாம். அதனால் இதை லாரஸ் கையிலேயே தபால்பெட்டிக்குக் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, என் மகள் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிறவள் அல்ல. உன் பிள்ளைகளுக்கு நல்ல புத்தியும், உனக்கு நல்ல பசியும், தம்பி மனைவிக்கு உன்னைப் பொறுத்துக்கொள்ளும் தெம்பும் இறைவன் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
குந்தோரோ

பின்குறிப்பு: சித்தப்பா, இது லாரஸ். நான் பிரிக்கல. அப்பா உறையை ஒட்டவே மறந்துட்டார். கால் வீங்கினது காசால இல்ல. அப்பா எனக்கு வலிக்குமோன்னு பயந்து பயந்துதான் தேய்ப்பார், பூனை நக்கற மாதிரி இருக்கும். வலி கொஞ்சம் குறைஞ்சதும் நான் யாருக்கும் சொல்லாம கிளப்புக்குப் போய் நாலு நாள் குதிச்சு ஆடினேன். யூலிதா அக்கா கேட்டப்ப நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா "நான்தான்"னு சொல்லிட்டார். எனக்கு அது சௌகரியமா இருந்தது. அன்னியிலேர்ந்து அப்பா சரியா சாப்பிடறதில்ல. தேர்வுலேர்ந்து பேரைப் போன வாரமே எடுத்துட்டேன். அதையும் சொல்லல.

உங்களுக்குன்னு எழுத ஆரம்பிச்சேன் சித்தப்பா, ஆனா இது உங்க கைக்கு வராது. ஸ்டாம்ப் பத்தல, உறையும் ஒட்டலைன்னு சொல்லி அப்பா கையிலேயே திருப்பிக் குடுக்கப் போறேன். நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல.

அப்பா, இது வரைக்கும் படிச்சிருந்தா, நான் படிக்கட்டுலதான் நிக்கறேன். திட்டறதா இருந்தா அங்க வந்தே திட்டுங்க.