மூங்கிலுக்கு ஒரு பள்ளம்

என் பனியனைப் பற்றி இனி எவரும் கருத்துச் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் மூங்கில் வைத்தேன்.

பக்கத்து வீட்டுக் கதிர்வேல் மாடி கட்டினார். கட்டியது தப்பில்லை. தினமும் காலையில் காபி டம்ளரோடு அதில் நின்று எங்கள் தோட்டத்தை மேற்பார்வை பார்த்ததுதான் தப்பு. "ஏனுங்க வின்ஸ்டன், பனியன்ல ஓட்டை உழுந்திருக்குதுங்களே!" என்பார். என்ன மரியாதை! அந்த மரியாதையில்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

நர்சரி ரசாக்கிடம் மஞ்சள் மூங்கில் ஐந்து கன்று வாங்கி மதிலோரம் நட்டேன். ஒன்றரை வருஷத்தில் கதிர்வேல் மறைந்தார். நிம்மதி.

நிம்மதியை என் மனைவி கிளாடிஸ் ஒரு திங்கட்கிழமை முடித்து வைத்தாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க!"

வாஷிங் மெஷினுக்குப் பின்னால், மண்ணில், கூம்பு மாதிரி ஒரு மூங்கில் முளை. மதிலிலிருந்து இருபது அடி தள்ளி!

"மண்ணுக்குள்ளயே ஓடுமாமுங்க. வீடியோவுல பாத்தேன். ஒரு ஊட்டுல சமையக்கட்டு டைல்ஸையே தூக்கிப்போட்டுதாமா."

"அதெப்படி என்னைக் கேக்காம ஓடும்?"

"உங்களக் கேட்டு இந்த ஊட்டுல எது ஓடுதுங்க?"

நான் இருபத்தெட்டு வருஷம் பம்பு கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருந்தவன். நூலளவு பிசகினாலும் திருப்பி அனுப்புவேன். விடுவேனா? ஸ்கேலை எடுத்தேன். முதல் நாள் நாலு அங்குலம். மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் பதினொன்று! அதற்குள் தண்ணீர்த் தொட்டியருகே இன்னொன்று, கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் மூன்றாவது. மூன்றும் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில். என்ன திமிர்! அணிவகுத்து வந்து என் வீட்டை ஆக்கிரமிக்கிறதாம்!

"புடுங்கி எறியறேன் பாரு!"

"ஐயோ, தொட்றாதீங்க! புடுங்குனா ஒண்ணு ரெண்டாயிருமாமுங்க. பக்கத்துலயே ரெண்டடிக்குப் பள்ளம் வெட்டித் தகரம் எறக்கோணுமாம். அப்பத்தான் நிக்குமாம்."

வெட்டினேன். ஆறு நாள். கடப்பாறை ஒரு நாள், மம்பட்டி ஒரு நாள், அயோடெக்ஸ் எல்லா நாளும். கிளாடிஸ் நிழலில் நாற்காலி போட்டு, "இன்னுங் கொஞ்சம் வாழைப் பக்கமா வளைங்க" என்று வழிகாட்டினாள். வேலி கேட்டேன். வேலை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து பார்த்தால் பள்ளத்தில் பிளம்பர் உட்கார்ந்திருக்கிறார். கையில் பிவிசி பைப்.

"தகரம் எங்கே?" என்றேன்.

"தகரம் துருப்பிடிக்குமுங்க. இது பிடிக்காது" என்றாள் கிளாடிஸ்.

"பைப்பு எப்படி மூங்கிலைத் தடுக்கும்?"

"தொவைக்கற தண்ணி நேரா வாழைக்குப் போயிருச்சுன்னா, மூங்கிலு எதைக் குடிக்கறதுக்கு இங்க ஓடி வருதுங்க?"

கோபம் ரசாக் பக்கம் திரும்பியது. வண்டியை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் பறந்தேன்.

"ஓடற மூங்கிலை என் தலையில கட்டிட்டியே பாய்!"

ரசாக் அசரவில்லை. "சார், அது கொத்து மூங்கில். நட்ட இடத்துலயே தூர் பெருக்கும், ஊர் சுத்தாது. வீட்டம்மாகிட்ட ரெண்டு வாரம் முன்னாடியே போன்ல சொன்னேனே. ஓடாதுன்னு உறுதியாத் தெரியுமான்னு ரெண்டு தடவை கேட்டாங்க."

வீட்டுக்கு வந்து வாழையோரத்து முளையைப் பிடித்து இழுத்தேன். கேக்கில் குத்திய மெழுகுவத்தி மாதிரி கையோடு வந்தது. அடியில் வேரில்லை. அரிவாள்மனை வெட்டு இருந்தது.

"கிளாடிஸ்! இதுக்கு வேர் எங்கே?"

"மதிலோரமா இருக்குதுங்க. தினமும் கொஞ்சம் பெரிசாப் பாத்து அறுத்து மாத்தி வெச்சேன். ஸ்கேலெல்லாம் வெச்சு அளக்கறீங்க, ஏமாந்து போயிரக் கூடாதில்லீங்க!"

"பள்ளம் வேணும்னா ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?"

"மூணு வருஷமாக் கேட்டேனுங்க. முதுகு வலின்னீங்க."

உண்மைதான். ஆனால் உண்மை என்பதற்காக அநியாயம் நியாயமாகிவிடுமா? இனி இந்த வீட்டில் மம்பட்டியைத் தொடமாட்டேன் என்று சத்தமாகச் சபதம் போட்டேன். கிளாடிஸ் தலையாட்டினாள். மூன்று நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. கௌரவம்.

நாலாம் நாள் காலை. முன்வாசல் கேட்டருகே, முருங்கைக்குப் பக்கத்தில், புத்தம் புதிதாக ஒரு முளை. வேரில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு எத்தனை அடி ஆழம்?" என்று கேட்டேன்.